தூரத்தை இழுக்கும் கேமராவா, தண்ணீரில் இறங்கும் கேமராவா?



ஞானஸ்நான ஆராதனைக்கு நாள் குறித்தவுடன் நம் சபைகளில் இரண்டு கேள்விகள் எழும்புகின்றன. வெள்ளை அங்கிகள் எத்தனை இருக்கின்றன என்பது ஒன்று. படம் எடுக்கப்போவது யார் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சகோதரிகள் பெட்டியைத் திறந்து பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கேள்வி வாலிபர் கூட்டத்தில் பெரிய விவாதமாகிவிடும். செல்போனே போதும் என்பார் ஒருவர். கடல் தண்ணீரில் தன் செல்போனை இறக்க முடியாது என்பார் அடுத்தவர். முடிவில் பொருளாளர், "சபைக்கென்று ஒரு சிறிய கேமரா வாங்கினால் என்ன, பாஸ்டர்?" என்று கேட்பார்.

கேட்பது சுலபம். கடைக்குப் போனால் சட்டைப்பைக்குள் அடங்கும் கேமராக்களில் இரண்டு வகை முன்னே நிற்கும். ஒன்று, முப்பது நாற்பது மடங்கு தூரத்தை இழுத்துக் காட்டும் ஜூம் கேமரா. மற்றொன்று, தண்ணீரில் மூழ்கினாலும் கீழே விழுந்தாலும் தாங்கும் உறுதியான கேமரா. விலையில் பெரிய வித்தியாசம் இராது. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்களைப் பார்த்தால் நாற்பது என்பது நான்கைவிடப் பத்து மடங்கு பெரிது. ஆகவே அநேகர் ஜூம் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

ஆவிக்குரிய பத்திரிகையில் கேமராவைப் பற்றி எழுதுவதா என்று எண்ண வேண்டாம். பட்டணத்திற்குப் பிழைக்க வந்த நமக்குப் புகைப்படம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. மும்பையிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலில் போய்ச் சேர ஒரு நாளுக்கும் மேலாகிறது. மகன் ஞானஸ்நானம் பெறும் நாளில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாயும் தகப்பனும் வந்து நிற்பது எல்லாக் குடும்பத்திற்கும் கூடிவருகிற காரியம் அல்ல. முழங்கால் வலியோடு ஊரில் இருக்கிற அந்தத் தாய்க்கு அந்த நாளில் கிடைக்கும் பங்கு ஒரு படம் மாத்திரமே. அது மங்கலாக இருந்தால் மறுபடியும் எடுக்க வழியில்லை. ஒருவர் ஒரே முறைதான் மூழ்கி எழும்புகிறார். அதோடு, இது காணிக்கைப் பணம். கோபுரம் கட்டத் தொடங்குகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவர் லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் போதித்தது கேமராவுக்கும் பொருந்தும்.

இரண்டும் ஒன்றில் ஏன் இல்லை?

"நாற்பது மடங்கு ஜூமும் வேண்டும், தண்ணீரும் புகக்கூடாது" என்று கேட்கும் சகோதரர்கள் உண்டு. அப்படி ஒரு சிறிய கேமராவை ஏன் கடையில் காண முடிவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஜூம் கேமராவின் பொத்தானை அழுத்தியவுடன் லென்ஸ் குழாய் அடுக்கடுக்காக வெளியே நீளும். கேனான் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட எஸ்.எக்ஸ். 740 கேமரா 40 மடங்கு இழுக்கிறது. பேனசானிக் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட டி.இசட். 99 கேமரா 30 மடங்கு இழுக்கிறது. இவ்வளவு நீளம் வெளியே போய் உள்ளே வருகிற குழாயின் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி இருந்தே தீரும். அந்த இடைவெளி வழியாகத்தான் தூசியும், கடற்கரை மணலும், மழைக்கால ஈரமும் உள்ளே போகின்றன.

தண்ணீர் புகாத கேமராவிலோ லென்ஸ் வெளியே வருவதே இல்லை. முன்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே நுழையும் ஒளி ஒரு முப்பட்டகக் கண்ணாடியில் பட்டு, செங்கோணமாகத் திரும்பி, கேமராவின் உடலுக்குள்ளேயே அடுக்கப்பட்ட லென்ஸ்களைக் கடந்து சென்சாரைச் சேர்கிறது. கேமராவின் உடல் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் லென்ஸ்களுக்கு இடம். ஆகையால் நான்கு அல்லது ஐந்து மடங்குக்கு மேல் இழுக்க முடிவதில்லை. ஓ.எம். சிஸ்டம் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட டி.ஜி. 7 நான்கு மடங்கு. அதே ஆண்டில் வந்த பென்டாக்ஸ் டபிள்யூ.ஜி. 90 ஐந்து மடங்கு. (ஒலிம்பஸ் என்ற பெயரில் நாம் அறிந்திருந்த கேமராப் பிரிவு 2021-இல் கைமாறித்தான் ஓ.எம். என்ற பெயரைப் பெற்றது. பழைய பெயரைத் தேடிக் கடை கடையாய் அலைய வேண்டாம்.)

இன்னொரு உண்மையை விற்பனையாளர் சொல்லமாட்டார். இந்த இரண்டு வகைகளிலும் படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் ஏறத்தாழ ஒரே அளவுதான். நீளம் 6 மில்லிமீட்டரும் அகலம் 4.5 மில்லிமீட்டரும் கொண்ட மிகச் சிறிய துண்டு. இன்றைய நடுத்தர விலைச் செல்போன்கள் பலவற்றில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. ஆகவே வீட்டு ஜெபக்கூட்டம், பிறந்தநாள் ஸ்தோத்திர ஆராதனை, ஞாயிறு பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளைகளின் வசன ஒப்புவிப்பு ஆகியவற்றுக்குக் கேமரா வாங்கத் தேவையே இல்லை. கையில் இருக்கும் செல்போன் அந்த வேலையை நன்றாகச் செய்துவிடும். செல்போனால் முடியாத வேலை எது? அதற்காக மாத்திரம் பணத்தைச் செலவிடுங்கள்.

பிரசங்கபீடம் எத்தனை அடி தூரம்?

ஜூம் கேமராவை வாங்க விரும்புகிறவர்கள் கடைக்குப் போகுமுன் ஆராதனை நடக்கும் அறையில் பின்வரிசையிலிருந்து பிரசங்கபீடம் வரை நடந்து தூரத்தை அளந்து பாருங்கள்.

பட்டணத்தில் நம்மில் அநேக சபைகள் கூடுவது வாடகைப் பள்ளிக்கூட அறையிலோ, மாடிக் கூடத்திலோதான். அறுபது எழுபது பேர் உட்காருகிற அறையில் கடைசி வரிசையிலிருந்து பீடம் 12 மீட்டருக்கு மேல் இராது. நான்கு மடங்கு இழுக்கும் டி.ஜி. 7 கேமராவை முழுவதும் இழுத்து அந்தக் கடைசி வரிசையிலிருந்து பார்த்தால், ஏறக்குறைய 4.3 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள பகுதி படத்தில் விழும். அதாவது பீடமும், தமிழில் பேசும் தேவசெய்தியாளரும், அருகே நின்று இந்தியில் மொழிபெயர்க்கும் சகோதரரும் சரியாக அடங்குவார்கள். இதற்கு நாற்பது மடங்கு எதற்கு? முகம் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் நான்கு வரிசை முன்னே போய் உட்காரலாம்.

திறந்தவெளிக் கன்வென்ஷன் வேறு விஷயம். கம்பத்தில் விளக்குகள் கட்டி, மேடை போட்டு, இரண்டாயிரம் நாற்காலிகள் பரப்பிய மைதானத்தில் நீங்கள் 40 மீட்டருக்கு அப்பால் நிற்கிறீர்கள். அங்கே அதே நான்கு மடங்குக் கேமராவில் 14 மீட்டர் அகலமான மேடை முழுவதும் விழும். பேசுகிறவர் ஒரு விரற்கடை அளவாக நிற்பார். டி.இசட். 99 போன்ற 30 மடங்குக் கேமராவை முழுவதும் இழுத்தால் அதே இடத்திலிருந்து இடுப்புக்கு மேல் முகமும் கையும் படத்தை நிரப்பும். ஜூம் கேமரா தன் கூலியைச் சம்பாதிப்பது இந்த இடத்தில்தான். செல்போன்களில் விலை உயர்ந்த சிலவற்றில் ஐந்து மடங்கு லென்ஸ் உண்டு. அதற்கு மேல் திரையை விரலால் விரித்துப் பெரிதாக்குவது படத்தை வெட்டிப் பெருக்குவதே தவிர இழுப்பது அல்ல.

ஆனால் கன்வென்ஷன் நடப்பது சாயங்காலத்தில் என்பதை மறந்துவிடக் கூடாது. லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடும் என்பதை எஃப் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். எண் கூடக்கூட ஒளி குறையும். டி.ஜி. 7 இழுக்காத நிலையில் எஃப் 2.0. ஜூம் கேமராக்கள் இரண்டும் இழுக்காத நிலையிலேயே எஃப் 3.3, முழுவதும் இழுத்தால் ஒன்று 6.4, மற்றொன்று 6.9. கணக்கிட்டுப் பார்த்தால், அறைக்குள் அகலமாக ஒரு படம் எடுக்கும்போது ஜூம் கேமராவுக்குக் கிடைப்பதைவிட டி.ஜி. 7 கேமராவுக்கு இரண்டரை மடங்குக்கும் அதிகமான ஒளி கிடைக்கிறது. முழுவதும் இழுத்த ஜூமோ தன் சொந்த அகல நிலையில் பெற்ற ஒளியிலும் கால்பங்கைத்தான் பெறுகிறது. (நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், டி.ஜி. 7 கேமராவும் முழுவதும் இழுத்தால் எஃப் 4.9-க்குப் போய்விடும். பென்டாக்ஸ் கேமராவின் ஆரம்பமே எஃப் 3.5.)

ஒளி குறைந்தால் கேமரா என்ன செய்யும்? நேரத்தைக் கூட்டி எடுக்கும். தூரத்தை இழுக்கும்போது கையின் நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். நடுக்கத்தைத் தணிக்கும் வசதி கேமராவுக்குள் உண்டு என்பது உண்மை. ஆனால் அது படம் எடுப்பவரின் கை நடுக்கத்தைத் தணிக்குமே தவிர மேடையில் நிற்பவரின் அசைவை நிறுத்தாது. நம் ஆராதனையில் யார் அசையாமல் நிற்கிறார்கள்? கைதட்டிப் பாடுகிறோம், கைகளை உயர்த்துகிறோம், செய்தி அனல்கொள்ளும்போது ஊழியர் மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கிறார். இரவில் முழு ஜூமில் எடுத்த படங்களில் பாதிக்குமேல் முகம் கரைந்து போயிருப்பதற்குக் காரணம் இதுவே. சின்னக் கேமராவின் பிளாஷ் வெளிச்சம் சில மீட்டருக்கு மேல் எட்டாது. 40 மீட்டர் தூரத்தில் அதைப் போடுவது முன்வரிசைக்காரரின் பின்தலையை வெளிச்சமாக்கவே உதவும்.

பகல் கூட்டமானால் ஜூம் கேமரா அருமையான ஊழியம் செய்யும். சபையார் மலைப்பிரதேசத்திற்குக் குடும்ப முகாம் போகும்போதும் அப்படியே.

தண்ணீரின் ஓரத்தில்

யோசுவா 4-ஆம் அதிகாரத்தை நீங்கள் அறிவீர்கள். யோர்தானைக் கடந்த ஜனங்கள் ஞாபகக்குறியாகப் பன்னிரண்டு கற்களை நாட்டினார்கள். பின்னாளில் பிள்ளைகள் கேட்கும்போது சொல்வதற்காக. அந்தக் கற்களைக் கரையிலிருந்து பொறுக்கவில்லை. ஆசாரியர்கள் நின்ற இடத்திற்கு, ஆற்றின் நடுவே, ஆட்கள் இறங்கிப்போய் எடுத்துவந்தார்கள்.

ஞானஸ்நானப் படமும் அப்படியே. கரையில் நின்று ஜூமால் இழுத்து எடுக்கலாமே என்று சொல்கிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. ஊழியக்காரர் இருவர் நடுவே ஞானஸ்நானம் பெறுகிறவர் நிற்கிறார். அலை அவர்கள் முதுகில் மோதாதபடி அவர்கள் நிற்கும் திசையைக் கடல் தீர்மானிக்கிறது, கேமராக்காரர் தீர்மானிப்பதில்லை. கரையிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் தெரிவது ஊழியக்காரரின் முதுகு. தொட்டியில் கொடுக்கும்போதோ சுற்றிலும் பாடிக்கொண்டு நிற்கும் சபையாரின் தோள்கள் மறைக்கும். பக்கவாட்டில், மார்பளவுத் தண்ணீரில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறவருக்கு மாத்திரமே முகம் கிடைக்கும். அந்த இடத்தில் ஜூம் தேவையில்லை. தண்ணீர் புகாமை தேவை.

"என் செல்போனும் ஐ.பி. 68 தரம் உடையதுதானே?" என்று வாலிபர்கள் கேட்பார்கள். அந்தத் தரம் ஆய்வுக்கூடத்தில், அசையாத நன்னீரில் சோதித்துத் தரப்படுவது. உப்புத் தண்ணீரையும், மோதுகிற அலையையும், மணலையும் அது கணக்கில் எடுப்பதில்லை. செல்போனுக்கு வயதாக ஆக உள்ளேயிருக்கும் பசையும் தளர்கிறது. எங்கள் சபையின் சகோதரர் ஒருவர் இந்த நம்பிக்கையில் இடுப்பளவுக் கடலில் இறங்கினார். படங்கள் நன்றாகவே வந்தன. நான்காம் நாள் சார்ஜ் ஏறும் துவாரம் பச்சை பூத்து நின்றுபோனது. தண்ணீர் சேதத்திற்கு வாரண்டி கிடையாது என்று பழுதுபார்க்குமிடத்தில் கைவிரித்துவிட்டார்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளலாம் என்றால், நனைந்த உறையின் மேல் தொடுதிரை விரலுக்குக் கீழ்ப்படிவதில்லை. உறைக்குள் நீராவி படிந்து எல்லாமே பனிமூட்டமாகிவிடுகிறது. சாகசக்காரர்கள் தலையில் கட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு வீடியோ கேமரா தண்ணீரைத் தாங்கும். ஆனால் அதன் அகலப் பார்வையில் அருகில் நிற்பவர் பெருத்தும் தள்ளி நிற்பவர் சிறுத்தும் போவார்.

டி.ஜி. 7 கேமரா 15 மீட்டர் ஆழத்தையும், டபிள்யூ.ஜி. 90 கேமரா 14 மீட்டர் ஆழத்தையும் தாங்கும் என்கிறார்கள். நமக்கு வேண்டியது ஒன்றரை மீட்டர். ஆழத்தின் எண்ணைப் பார்த்து விலை கொடுக்க வேண்டாம். மும்பைக் கடலின் கலங்கிய தண்ணீரில் உள்ளே படம் எடுத்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. டி.ஜி. 7 கேமராவுக்கு அதிகம் கொடுப்பதற்கு நியாயம், அந்த எஃப் 2.0 லென்ஸ் அறைக்குள்ளும் உதவும் என்பதே. ஈரக்கையில் வழுக்கி விழுந்தால் அது 2.1 மீட்டரும் மற்றது 1.6 மீட்டரும் தாங்கும் என்பது, பிள்ளைகள் உள்ள வீட்டில் கூடுதல் ஆறுதல்.

தண்ணீர் புகாத கேமராவைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர் அல்ல, மூடியில் ஒட்டிய ஒரு மயிர். பேட்டரியும் கார்டும் வைக்கும் கதவின் ஓரத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதன்மேல் ஒரு மணல் துகளோ, துணி நூலோ, தலைமுடியோ கிடந்தால் அந்த வழியே தண்ணீர் போய்விடும். ஆகவே கதவை வீட்டிலேயே துடைத்துப் பூட்டிவிட்டுப் புறப்படுங்கள். கடற்கரையில் திறக்கவே கூடாது. திரும்பி வந்ததும், கதவைப் பூட்டியபடியே, ஒரு பாத்திரத்தில் நல்ல தண்ணீர் ஊற்றிச் சற்றுநேரம் மூழ்க வைத்து உப்பைப் போக்குங்கள். குழாயை வேகமாகத் திறந்து அதன்கீழ் காட்ட வேண்டாம். மெல்லிய துணியால் துடைத்து நிழலில் காயவைத்த பின்பே கதவைத் திறக்கலாம். ரப்பர் முதுமை அடையும் பொருள். ஆண்டுக்கொருமுறை அதை மாற்றச் சொல்லித் தயாரிப்பாளரே பரிந்துரைப்பதுண்டு. அதற்குப் பணமும் வேண்டும், செய்துதருகிற இடமும் வேண்டும். வாங்குகிற கடையிலேயே, "ரப்பர் மாற்ற எங்கே கொண்டுபோக வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

எடுக்கக் கூடாத படம்

மூப்பர்கள் தங்கள் கூட்டத்தில் இதைத் தயங்காமல் பேசித் தீர்மானிக்க வேண்டும். நனைந்த வெள்ளை அங்கியோடு தண்ணீரிலிருந்து எழும்பும் சகோதரியை நாம் படம் எடுப்பதா? வேண்டாம் என்பதே என் தாழ்மையான, ஆனால் உறுதியான எண்ணம். தண்ணீரில் நின்று ஜெபிக்கும் நேரத்தில், மூழ்குமுன், தோளுக்கு மேல் முகம் தெரிய ஒரு படம். எழும்பி மேல்துணி போர்த்திய பின்பு குடும்பத்தாரோடு ஒரு படம். இவை போதும். சகோதரிகளின் முறை வரும்போது கேமரா ஒரு சகோதரியின் கையில் இருக்கட்டும். படம் எடுக்கப் பழகிய பெண்பிள்ளைகள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள்; அவர்களைக் கேட்பதுதான் இல்லை.

ஜூம் கேமராவைப் பற்றி எனக்குள்ள பெரிய தயக்கமும் இந்தப் பக்கத்திலிருந்தே வருகிறது. பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, முன்னே கண்ணீரோடு ஜெபிக்கும் ஒருவரின் முகத்தை அவர் அறியாமலே அருகில் இழுத்துவிடலாம். கணவன் விட்டுப்போன துக்கத்தோடு முழங்காலில் நிற்கும் ஒரு பெண்ணின் முகம் மறுநாள் சபைக் குழுவின் செல்போன்களில் வலம்வருவதைப் பற்றி யோசித்துப் பாருங்கள். தண்ணீரில் இறங்கி இரண்டு மீட்டரில் நின்று எடுக்கிறவரை எதிரில் இருப்பவர் பார்க்கிறார். வேண்டாம் என்று தலையசைக்க அவருக்கு வழி இருக்கிறது. தூரத்திலிருந்து இழுக்கிறவருக்கு அப்படியொரு தடை இல்லை. ஆகவே ஜூம் கேமரா வாங்கும் சபை, பலிபீட அழைப்பு கொடுக்கப்பட்ட பின்பு கேமரா உறைக்குள் போக வேண்டும் என்ற ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்வது நல்லது.

படம் எடுப்பது ஒன்று, பரப்புவது மற்றொன்று. குஜராத்தில் 2003-இலும் உத்தரப் பிரதேசத்தில் 2021-இலும் கொண்டுவரப்பட்ட சட்டங்களைப் போல, மதமாற்றம் பற்றிய சட்டங்கள் நம் நாட்டின் பல மாநிலங்களில் உள்ளன. ஒருவர் தம் சுய விருப்பத்தோடு எடுத்த தீர்மானத்தின் படம், வேறொருவர் கையில் வேறு கதையாகலாம். வீட்டாருக்கு இன்னும் சொல்லாத பிள்ளைகளும் நம் நடுவே உண்டு. படத்தின் மூலமாக அவர்கள் வீட்டார் அறிவது நன்றல்ல. எத்தியோப்பிய மந்திரிக்குப் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த இடத்தில் படம் எடுப்பவர் எவருமில்லை. அதனால் அவருடைய சந்தோஷம் குறைந்ததாக வேதம் சொல்லவில்லை. "உங்கள் படத்தை எடுக்கலாமா, யாருக்கு அனுப்பலாம்?" என்ற இரண்டு கேள்விகளை ஞானஸ்நான ஆயத்த வகுப்பிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது

சின்னக் கேமராக்களின் காலம் சுருங்கிவிட்டது. ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010-இல் உலகமெங்கும் 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023-இல் அது 80 லட்சத்திற்கும் கீழே இறங்கியது. லென்ஸ் கழற்ற முடியாத சின்னக் கேமராக்களே அதிகமாகக் குறைந்தன. ஆகவே கடையில் தெரிந்தெடுக்க நான்கைந்து மாடல்களே இருக்கும். எல்லாம் எல்லா ஊரிலும் கிடைக்காது. டி.ஜி. 7 வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 550 டாலர். நம் ஊரில் வரியும் சேரும். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரிடம் சொல்லி அனுப்புவதானால், அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று முதலில் விசாரியுங்கள்.

பழைய கேமராவை வாங்கலாமா? ஜூம் கேமராவானால், பகல் வெளிச்சத்தில் முழுவதும் இழுத்து வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பார்த்து, கறுப்புப் புள்ளிகளும் சிலந்திவலை போன்ற பூஞ்சைக் கோடுகளும் இல்லையென்றால் வாங்கலாம். தண்ணீர் புகாத கேமராவைப் பழையதாக வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். அதன் ரப்பர் எத்தனை வயதானது, எத்தனை முறை விழுந்தது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை.

எந்த வகையானாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் ஈரம் அதற்குச் சத்துரு. தோல் உறையில் போட்டு அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் சமையல் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்து நாலு படம் எடுங்கள்.

ஆகவே என் பதில் என்ன? நூறு பேருக்குட்பட்ட, வாடகை அறையில் கூடுகிற பட்டணத்துச் சபைக்கு ஒரே ஒரு கேமரா என்றால், தண்ணீர் புகாததையே வாங்குங்கள். தூரம் என்பது பெரும்பாலும் எழுந்து நடந்து தீர்த்துக்கொள்ளக் கூடியது. தண்ணீரை அப்படித் தீர்க்க முடியாது. மைதானக் கன்வென்ஷன்களைப் பகலில் நடத்துகிற பெரிய சபைகளும், அவற்றின் செய்திகளைப் பத்திரிகைக்கு அனுப்பும் பொறுப்புள்ளவர்களும் ஜூம் கேமராவை வாங்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறைதான் ஞானஸ்நானம், அதுவும் ஐந்தாறு பேருக்கு, தொட்டியில்தான் என்றால் எதையும் வாங்க வேண்டாம். பக்கத்துச் சபையில் இருந்தால் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள்; நம் சபைகள் ஒன்றுக்கொன்று நாற்காலியும் ஒலிபெருக்கியும் கொடுத்து வாங்குவதில்லையா?

வாங்கிய அன்றைக்கே, கதவுக்குள் காகிதத் துண்டு ஒன்றை வைத்துப் பூட்டி, ஒரு வாளித் தண்ணீரில் கால்மணி நேரம் மூழ்க வையுங்கள். குமிழிகள் தொடர்ந்து வந்தாலோ, பின்பு துடைத்துத் திறக்கும்போது காகிதம் ஈரமாயிருந்தாலோ, திருப்பிக் கொடுக்கும் நாட்கள் முடியுமுன் கடைக்குக் கொண்டுபோங்கள். அந்தச் சோதனையை ஞானஸ்நான நாளின் காலையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

படங்களைக் கார்டிலேயே விட்டுவிடாதீர்கள். 2005 ஜூலை 26-இல் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது தாழ்வான பகுதிகளில் இருந்த நம் ஜனங்களின் வீடுகளில் கலியாண ஆல்பங்கள் களிமண்ணாயின. இரண்டு பிரதிகள் அச்சிடுங்கள். ஒன்று இங்கே, தரையிலிருந்து உயரமான தட்டில். மற்றொன்று ஊருக்கு. ஊருக்கு அனுப்பும் பிரதியின் பின்புறத்தில் பேனாவால் எழுதினால் மை கசியும். பென்சிலால், மெதுவாக, பெயரும் தேதியும் எந்தக் கடற்கரை என்பதும் எழுதுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்